மூன்றாம் தடவை கிண்டிய லேகியம்

ஜோர்டான் நாட்டுக்கு நான் மூன்று தடவை டிக்கெட் எடுத்தேன். போனது ஒரு தடவைதான். போன கதையை மட்டும் சொன்னால் என்னை யாராவது தைரியசாலி என்று நினைத்துவிடுவார்கள். அந்தப் பழி எனக்கு வேண்டாம். போகாத இரண்டு பயணங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது என் தொழில். புடவையில் வரவேண்டிய மயிலையும் கொடியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுப்பேன். ஒரு கட்டம் தப்பினால் புடவை முழுக்க மயில்கள் நொண்டும். அதனால் எதையும் நாலு தடவை பார்ப்பது, பார்த்ததை மறுபடி அழித்துப் போடுவது என்பது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான்.

என் ஒரே மகள் கௌரி அம்மான் நகரத்தில் இருக்கிறாள். ஜோர்டானின் தலைநகரம் அது. மாப்பிள்ளை பிரபுவுக்கு ஊருக்கு வெளியே ஒரு துணி ஃபாக்டரியில் குவாலிட்டி பார்க்கும் வேலை. கௌரிக்கு முதலில் தரித்தது ஐந்தாம் மாதமே கலைந்துபோயிற்று. அதனால் இந்தத் தடவை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, படி ஏறாதே, பாரம் தூக்காதே, விமானம் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். இங்கே தாய் இல்லை. என் மனைவி மங்கை போய்ச்சேர்ந்து சில வருஷமாகிறது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கோ முட்டியில் ஆபரேஷன் ஆகி, அவருக்கே ஓர் ஆள் வேண்டும். தாய்வீடு என்று மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். மகளால் வர முடியாது என்றால் தாய்வீடுதான் கிளம்பிப் போகவேண்டும்.

போவதற்குக் காசு ஒரு தடையாக இல்லை. என்னிடம் பாயிண்ட் இருந்தது. எங்கள் தெருவில் கிரெடிட் கார்டு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. யார் வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கினாலும், யார் பிள்ளைக்குக் கல்லூரியில் பணம் கட்டினாலும், நூல் வாங்கினாலும் என் கார்டைத்தான் தேய்ப்பார்கள்; கையோடு பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். பாயிண்ட் மட்டும் என்னிடம் தங்கிவிடும். அதை விமான டிக்கெட்டாக மாற்றலாம் என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு கணக்கைத் திறந்துகொடுத்தவள் கௌரி, காலேஜில் படிக்கும்போது. என்ன மெயில் கொடுத்தாள், கடவுச்சொல் என்ன வைத்தாள் என்பதெல்லாம் அவள் பாடு. எனக்கு ஓடிபி மட்டும் வரும்.

இந்தப் பாயிண்ட் டிக்கெட்டில் ஒரு சௌகரியம் உண்டு. கிளம்புவதற்கு முந்தைய நாள்வரை வேண்டாமென்று ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், பாயிண்ட் பூராவும் திரும்பி வந்துவிடும். சௌகரியம் என்றா சொன்னேன்? என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியின் கையில் அது கத்தி.

முதல் டிக்கெட் போட்டதும் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எதிர்வீட்டு ராஜேஸ்வரியக்கா அன்றைக்கே பிரசவ லேகியத்துக்குச் சுக்கும் திப்பிலியும் இடிக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். மங்கைக்குக் கௌரி பிறந்தபோது பத்தியம் பார்த்தவர் அவர்தான். "எங்கூட்டு வாஷிங் மிஷினும் உன் பிளேன்ல ஒரு சீட்டுதான் ஏகா. ஒழுங்கா போயிட்டு வா" என்றார். என்னை அவர் ஏகா என்றுதான் கூப்பிடுவார்.

டிவியில் அந்தப் பக்கத்துச் செய்தி அப்போதெல்லாம் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஜோர்டான் சண்டை போடவில்லை. சண்டை போடுகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள். ஏவுகணைகள் நடுவில் இதன் தலைக்கு மேலேதான் போய்வந்தன. உலகத்து விமானங்களையெல்லாம் வரைபடத்தில் காட்டுகிற ஓர் ஆப் உண்டு. சாப்பிடும்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். சின்னச் சின்ன மஞ்சள் விமானங்கள் எங்கும் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் மத்தியானம் பார்த்தால் ஜோர்டானுக்கு மேலே ஒன்றுகூட இல்லை, உடலில் புட்டா என்கிற பூவேலை விழாமல் போன புடவை மாதிரி வெறுமையாக இருந்தது. வானத்தை மூடிவிட்டார்கள். சோற்றுக்கையைக் கழுவக்கூட இல்லை, இடதுகையால் பொத்தானை அமுக்கினேன். மறுநாள் காலை வானத்தைத் திறந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கௌரிக்குப் போன் செய்து, "பாஸ்போர்ட்ல என்னமோ பேர் தப்பா இருக்குதாம்மா. சரி பண்ணிக்கினுதான் வரணும்" என்றேன். பொய் சொல்லும்போது எனக்குக் குரல் கீச்சிட்டுவிடும். அவள் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "பரவால்லபா" என்றாள். அவள் அம்மாவும் கோபம் வந்தால் இதே மாதிரிதான் பரவால்ல என்பாள்.

ராஜேஸ்வரியக்காவிடம் அந்தப் பொய் எடுபடவில்லை. பிரசவத்துக்கென்று கிண்டிய லேகியத்தைப் பிரசவ வீட்டுக்குப் போகாமல் அடுக்கில் வைத்திருக்கக் கூடாதாம். வீட்டுக்கு ஓர் உருண்டை என்று தெருவுக்கே கொடுத்துத் தீர்த்துவிட்டார். அந்த வாரம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் வயிற்றுப்பொருமல் இல்லை.

இரண்டாவது டிக்கெட்டும் போட்டேன். அக்கா இரண்டாவது தடவையும் கிண்டினார். அந்தச் சமயம் வானம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் நம் அரசாங்கத்தின் அறிவிப்பில் அந்தப் பகுதிக்குத் தேவையில்லாத பயணத்தைத் தவிர்க்கவும் என்று போட்டிருந்தது. தேவையில்லாத பயணம் என்றால் எது? என்னுடையது தேவையானதா, இல்லாததா? இதை யாரிடம் கேட்பது? அக்காவிடம் காட்டினேன். "பொண்ணு பிரசவம் தேவையில்லாததா? இத எழுதினவன் என்னா வானத்துல இருந்தா குதிச்சான்?" என்றார். டீக்கடையில் காட்டினேன். அங்கே ஒருவர், தன் சகலை வளைகுடாவில் விமான நிலையத்திலேயே மூன்று நாள் படுத்துக் கிடந்த கதையைச் சொன்னார். தண்ணீர்கூடக் கிடைக்கவில்லையாம்.

மறுநாள் ஒரு கல்யாணத்துக்காக வாலாஜாபாத் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் போகிற பஸ்ஸில், முன்சீட்டுக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, இரண்டாவது டிக்கெட்டையும் ரத்து செய்தேன். ரத்து ஆகிவிட்டது என்று திரையில் பச்சையாக ஒரு வட்டம் வந்தது. அப்பாடா என்று இருந்தது. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அந்த அப்பாடா போய், நான் என்ன மனுஷன் என்று இருந்தது. கல்யாணத்தில் இலையில் என்ன போட்டார்கள் என்று நினைவில்லை.

"முகூர்த்த சீசன்மா. டிசைன் கேட்டு உயிர வாங்குறாங்க" என்றேன் கௌரியிடம். "பரவால்லபா. நான் பாத்துக்கிறேன்" என்றாள். முதல் தடவையைவிடச் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாள்.

மூன்றாவது டிக்கெட் போட்டபோது ராஜேஸ்வரியக்கா சுக்கை இடிக்கவில்லை. நேரே என் வீட்டுக்கு வந்து நின்றார். "ஏமிரா ஏகா, இன்னொரு வாட்டி நான் கிண்டணும்னா நானே புள்ள பெத்துக்கினாதான் உண்டு. போன குடு" என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, "கேன்சல் பண்ற டயம் தாண்டறவரைக்கும் அது எங்கூட்டு அரிசி டப்பாவுல இருக்கட்டும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டியபடியே நின்றார். கொடுத்துவிட்டேன்.

அந்த ஒரு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கஸ்டமருக்குப் பேசணும் என்று போய்க் கேட்டேன். அவர் தன் போனை நீட்டினார். அவசரமாக ஒரு டிசைன் அனுப்பணும் என்றேன். "கம்ப்யூட்டர் வூட்லதானே இருக்குது?" என்றார். கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கைத் திறக்கப் பார்த்தேன். கடவுச்சொல் தெரியவில்லை, ஓடிபியோ அரிசிக்குள் கிடந்தது. சாயங்காலம் வாசலில் அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே டப்பாவிலிருந்து என் போன் ஒலிக்கும் சத்தம் கேட்டது. இருவரும் கேட்டோம். அவர் முறத்தை நிறுத்தவில்லை. நேரம் தாண்டியபிறகு, போனைத் துடைத்துக் கையில் கொடுத்து, எனக்குத் தெரியாமல் மூன்றாம் தடவையும் கிண்டி வைத்திருந்த லேகியத்தைத் தூக்கோடு கொடுத்தார். "மங்கை இருந்திருந்தா பறந்துக்கினு போயிருப்பா. நீ ஒக்காந்துக்கினாவது போ" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

எந்த விமானம், எங்கே மாறினேன் என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாம். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே போனேன். ஏவுகணை எதையாவது முன்கூட்டிப் பார்த்துவிட்டால் நான் என்ன செய்திருக்கப் போகிறேன்? இருந்தாலும் பார்த்தேன். பக்கத்தில் ஒரு வங்காளதேசத்துப் பையன், தையல் வேலைக்குப் போகிறவன், புறப்பட்ட நிமிஷம் முதல் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது.

காலை வெயிலில் அம்மானில் இறங்கினேன். பெட்டிகளை ஒரு எக்ஸ்ரேக்குள் அனுப்புகிறார்கள். என்னுடையது போய் வெளியே வரவில்லை. பெல்ட் நின்றது. ஒரு போலீஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே வேட்டிகளுக்கு நடுவே, துணி கட்டிய எவர்சில்வர் தூக்கு. அதற்குள் கறுப்பாக, பிசுபிசுவென்று, அவர் எங்கும் பார்த்திராத ஒரு வஸ்து. பக்கத்து நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருக்கிற நேரம் அது. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார்.

"மெடிசின். பேபி மதர் மெடிசின்" என்றேன். யாருக்கும் புரியவில்லை. வேறு வழி தெரியாமல் விரலால் கொஞ்சம் வழித்து வாயில் போட்டுக்கொண்டேன். மென்று, விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டினேன். காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு பெரிய மனுஷன் அயல்நாட்டுக் காவலருக்கு நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறான்!

கடைசியாக ஒரு பெண் அதிகாரி வந்தார். குனிந்து மோந்து பார்த்தார். "ஸஞ்சபீல்" என்றார் மற்றவர்களிடம். இஞ்சியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "யாருக்குப் பிரசவம்?" என்று என்னை ஆங்கிலத்தில் கேட்டார். மகளுக்கு என்றேன். "அவளுடைய அம்மா எங்கே?" மேலே கையைக் காட்டினேன். அவர் துணியை முன்பிருந்த மாதிரியே கட்டி, தூக்கைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

பிரபு ஃபாக்டரியில் லீவு கிடைக்காமல் டாக்சியை அனுப்பியிருந்தார். ரேடியோவில் செய்தி வாசித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை என்பதால் எல்லாமே ஆபத்தாகக் கேட்டது. "யுத்தமா?" என்று டிரைவரைக் கேட்டேன். அவர் ரேடியோவை அணைத்து, வானத்தைக் காட்டி, பிறகு ரோட்டைக் காட்டி, அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்: "அது மேலே போகிறது. நாம் கீழே போகிறோம்."

ஊர் முழுக்கக் குன்றுகள். குன்றின்மேல் வீடு, வீட்டின்மேல் வீடு, எல்லாம் சுண்ணாம்பு நிறத்தில். ஒரு செங்குத்தான ஏற்றத்தில் டாக்சி மூச்சுத்திணறி நின்று, பின்னாலேயே உருள ஆரம்பித்தது. நான் பெருமாளே என்று கத்தினேன். டிரைவர் நிதானமாக ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, மறுபடி கிளப்பினார். எங்கள் ஊரில் உயரமாக இருப்பவை கோபுரங்கள் மட்டும்தான். அவற்றின்மேல் யாரும் டாக்சி ஓட்டுவதில்லை.

கௌரி கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். விமான நிலையத்திலிருந்து போன் செய்திருந்தேன், இருந்தும் நம்பாதவள் மாதிரி என் கையைத் தொட்டுப் பார்த்தாள். "நெஜமாவே வந்துட்டியாபா?" என்றாள். என்ன கேள்வி இது என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். நான் மிளகு ரசத்துக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். தெருவில் திடீரென்று ஒரு சத்தம், நெருங்கி நெருங்கி வந்தது. எனக்கு உயிரே போயிற்று. ஒன்பதாம் மாத வயிற்றோடு நிற்கிற பெண்ணை மேஜைக்கு அடியில் போகச் சொல்லி இழுத்தேன். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அய்யோ, அது கேஸ் வண்டிபா! சிலிண்டர் விக்கிறவன்! சிரிக்க வெக்காத, தையல் பிரிஞ்சிக்கும்!" அங்கே சிலிண்டர் லாரி, குழந்தைகளின் பொம்மைப்பெட்டி மாதிரி ஓர் இசையை ஒலித்துக்கொண்டே தெருத்தெருவாக வருகிறது. நம் ஊரில் கேஸ்காரர் சிலிண்டரைத் தட்டுகிற சத்தமே போதும். ஸ்பானர் கையிலிருக்க இசை எதற்கு?

நிஜமான சைரன் அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் கேட்டது. நான் மேஜைக்கு அடியில் போய்விட்டேன், ஒளிப்பானேன். மேலே மாடியில் காலடிச் சத்தம். அக்கம்பக்கத்தவர்கள் வேடிக்கை பார்க்க மொட்டைமாடிக்குப் போகிறார்கள். கௌரி நாற்காலியில் உட்கார்ந்து, கீழே கையை விட்டு என் தலையில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் இந்தச் சத்தத்தை இவள் தனியாக உட்கார்ந்து கேட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில் பச்சை வட்டத்தைப் பார்த்து அப்பாடா என்றேனே, அது நெஞ்சில் குத்தியது.

சைரன் நின்றதும் மேல்வீட்டு அம்மாள் கையில் டீயோடு இறங்கி வந்தார். உம் காலித் என்று கூப்பிடுகிறார்கள். காலிதின் அம்மா என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர், அதனால் எங்களுக்குள் பேச்சு ஓடியது. டீயில் என்னவோ ஒரு மலைத்தழை மணத்தது. கற்பூரவல்லிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் போலிருந்தது. "அப்படியானால் நீங்கள் அபு கௌரி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவிலும் பெண்கள் என்னைக் கௌரிப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதற்கா இத்தனை தூரம் வந்தேன்?

லேகியத்தைக் காட்டினேன். ஒரு துளி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அவர்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் சீமைச்சோம்பும் அரிசிமாவும் போட்டு ஒரு கூழ் காய்ச்சி, மேலே பாதாம் தூவி, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்களாம். "உங்களுடையது இன்னும் கோபமாக இருக்கிறது" என்றார். ராஜேஸ்வரியக்காவிடம் போனில் சொன்னேன். "மூணாம் வாட்டி கிண்டினது, கோவம் இல்லாம இருக்குமா?" என்றார்.

அந்த வாரத்தில் தையலைப் பிரித்தார்கள். இனி எப்போது வேண்டுமானாலும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து நான் சட்டையைக் கழற்றாமலே படுத்தேன். ஆஸ்பத்திரிப் பையை நாலு தடவை பிரித்து நாலு தடவை கட்டினேன். ரொட்டி வாங்கக் கடைக்குப் போனால் பாதி வழியில் திரும்பி ஓடி வருவேன். ரொட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்தாலே, "வந்துவிட்டதா?" என்று சைகையில் கேட்பார். இல்லை என்று தலையாட்டினால் ஒரு ரொட்டி அதிகமாக வைப்பார்.

வலி வந்தது ஒரு மத்தியானம். பிரபுவுக்குப் போன் செய்தால், அங்கே எச்சரிக்கை வந்து ஃபாக்டரிக் கதவைச் சாத்திவிட்டார்களாம், யாரையும் வெளியே விடவில்லையாம். "மாமா, நான் எப்டியாவது வந்துடுறேன், நீங்க கூட இருங்க மாமா" என்றார், அழுகிற குரல். டாக்சி ஒன்றும் கிடைக்கவில்லை. மாடிக்கு ஓடினேன். உம் காலித் என்னைப் பார்த்ததுமே கார்ச்சாவியை எடுத்துவிட்டார்.

பாதி வழியில் சைரன். முன்னால் போன கார்கள் ஓரம்கட்டின. ஆட்கள் இறங்கி அண்ணாந்து பார்த்தார்கள். நீல வானத்தில் வெள்ளையாக இரண்டு கோடுகள், சத்தமே இல்லாமல் நீண்டுகொண்டு போயின. உம் காலித் நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே ஓட்டினார். பின்சீட்டில் கௌரி என் முழங்கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். நான் தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் தலையையும் வயிற்றையும் போர்த்தி, மேலே குனிந்துகொண்டேன். ஏவுகணையைக் காஞ்சிபுரத்துத் துண்டால் தடுக்கப் பார்த்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தக் காரில் இருந்த நேரத்தில் என் உயிரைப் பற்றிய நினைப்பு எனக்கு வரவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தபோதுதான் அவ்வளவு பயமும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், பிரசவ அறைக்கு வெளியே என்னைத் தடுத்தார். பெண்ணின் அம்மாவைத்தான் விடுவார்களாம். "அம்மா எங்கே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உம் காலித் என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளி, அரபியில் நீளமாக ஏதோ சொன்னார். நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேட்டி, வியர்வை, கையில் லேகியத் தூக்கு. பிறகு உள்கதவுவரை வரலாம் என்று வழிவிட்டார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "இவர்தான் அம்மா, இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார் என்றேன்" என்றார்.

உள்கதவில் கௌரி என் கையை விடவில்லை. "அம்மா இருந்தா நல்லாருக்கும்பா" என்று அழுதாள். "எனக்கும்தாம்மா" என்றேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. உம் காலித் அவளோடு உள்ளே போனார். நான் தரையில் உட்கார்ந்து தூக்கை மடியில் வைத்துக்கொண்டேன். மங்கையைத் திட்டினேன். இப்படிப்பட்ட நேரத்தில் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனாளே என்று திட்டினேன்.

பெண்குழந்தை. அழுகைச் சத்தம் கேட்டபோது சைரன் என்று நினைத்து எழுந்துவிட்டேன். பிரபு சட்டையெல்லாம் தூசியாக, பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் லாரியிலும் வந்து சேர்ந்தார். மூன்று பேரும் சேர்ந்து அழுதோம். உம் காலித் எங்களைப் படம் எடுத்தார்.

மறுநாள் காலை வானத்தை மறுபடி மூடிவிட்டார்கள். கௌரிக்கு முதல் உருண்டை லேகியத்தைக் கொடுத்துவிட்டுப் பேத்தியை இடக்கையில் வாங்கி வைத்திருந்தேன். பிரபு காப்பி வாங்கப் போயிருந்தார். என் சட்டைப்பையில் போன் ஒலித்தது. அதே நேரத்தில் கௌரியின் தலைமாட்டில் அவள் போனும் ஒலித்தது. நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் அவள் படித்துவிட்டாள்.

"உன் ரிட்டர்ன் ஃப்ளைட்ட அவங்களே கேன்சல் பண்ணிட்டாங்கபா. வேற தேதி வேணுமா, பாயிண்ட் திரும்பி வேணுமான்னு கேக்குறாங்க."

"உனக்கு எப்டிம்மா வந்துது?"

"எனக்குத்தானே வரும்? நான் காலேஜ் படிக்கசொல்ல என் மெயில்லதானே அக்கவுண்ட் தொறந்தோம்?"

"அப்போ மொதல்ல போட்ட டிக்கெட்டு?" என்றேன்.

"வந்துது. கேன்சல் பண்ணதும் வந்துது."

"ரெண்டாவது?"

"நீ வாலாஜாபாத் கல்யாணத்துக்குப் போன அன்னிக்கி." அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "பாஸ்போர்ட்ல பேர் சரி பண்ணிட்டாங்களான்னு நான் ஒரு நாளும் கேக்கல, பாத்தியா?"

பேத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கௌரியைப் பார்க்க முடியவில்லை. மூன்றாவது டிக்கெட் போட்ட மெயிலையும் அவள் பார்த்திருப்பாள். அரிசி டப்பாவுக்குள் என் போன் கிடந்த அந்த நாள் முழுக்க, அடுத்த மெயில் எப்போது வருமோ என்று இந்த ஊரில் படுத்துக்கொண்டு காத்திருந்திருப்பாள். கதவைத் திறந்து என் கையைத் தொட்டுப் பார்த்தது அதனால்தான்.

"ஏம்மா ஒரு வார்த்த கேக்கல? வாப்பான்னு நீ சொல்லியிருந்தா…"

"கேட்டு நீ வரலேன்னா?" என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. கையை நீட்டி என் கன்னத்தைத் துடைத்தாள், விரலில் லேகியப் பிசுக்கு இருந்தது. பிறகு அவள் போனை எடுத்தாள்.

"இந்த ஒரு கேன்சல மட்டும் நான் பண்றேன். பாயிண்ட் திரும்பி வரட்டும். டாக்டர் புள்ளைய பிளேன்ல கூட்டிக்கினு போலாம்னு சொல்லட்டும், எல்லாரும் ஒண்ணாவே நம்ம ஊட்டுக்குப் போலாம்." பொத்தானை அமுக்கினாள். "ஓடிபி வரும், சொல்லுபா."

பேத்தி இடக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வலக்கையால் போனை எட்டப் பிடித்து, வந்த எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன்.